உறைபனிக் காலத்தில் காய்கறிப் பயிருக்கு உரம்: நீலகிரியில் புதிதாகப் பயிர் வைப்பவர்களுக்கு

டிசம்பர் மாதம் முட்டைக்கோஸ் வெளிறி, வளராமல் அப்படியே நின்றால், புதிதாகப் பயிர் வைத்தவர் முதலில் செய்வது இன்னொரு கை யூரியாவை வீசுவதுதான். பத்து நாள் கழித்தும் மாற்றம் இருக்காது. உடனே மறுபடி ஒரு கை. பிப்ரவரியில் வெயில் ஏறியதும் அத்தனை யூரியாவும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். கோஸ் வெடிக்கும், கேரட் கிளைக்கும், அசுவினி மொய்க்கும். குளிரில் பெரும்பாலும் மண்ணில் சத்து இல்லாமல் போவதில்லை, அதை வேர் எடுக்க முடியாமல் போகிறது. அதனால் அளவைக் கூட்டுவதை விட்டுவிட்டு, உரத்தை எங்கே வைக்கிறோம், எந்த வடிவத்தில் வைக்கிறோம், எப்போது வைக்கிறோம் என்ற மூன்றையும் மாற்ற வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் ஊட்டி, கேத்தி, நஞ்சநாடு, எமரால்டு, முத்தோரை பாலாடா பக்கத்து மலைக்காய்கறி நிலங்களை மனத்தில் வைத்து எழுதியது. கொடைக்கானல் மேல்மலைக்கும் பெரும்பகுதி பொருந்தும். நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, பின் உறைபனியாகி, பிப்ரவரி வரை போகும் காலத்தைப் பற்றியது இது.

குளிரில் மண்ணுக்குள் என்ன நடக்கிறது

யூரியாவை வேர் நேரடியாகப் பெரிதாக எடுப்பதில்லை. மண்ணில் அது முதலில் அம்மோனியமாகவும், பிறகு பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாகவும் மாற வேண்டும். இரண்டாவது மாற்றம்தான் குளிரில் சிக்கிக்கொள்கிறது. மண் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் அந்த பாக்டீரியாக்கள் மிக மெதுவாகவே வேலை செய்யும். 5 டிகிரியை ஒட்டினால் ஏறக்குறைய நின்றே போகும். போட்ட தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியமாகத் தேங்கி நிற்கும். அம்மோனியம் மிகுந்தால் வேர் சுண்ணாம்பு (கால்சியம்), மக்னீசியம், சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளை எடுப்பதும் குறையும்.

மணிச்சத்தின் (பாஸ்பரஸ்) கதை வேறு. அது மண்ணில் தண்ணீரோடு ஓடாது, சில மில்லிமீட்டர்தான் நகரும். வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும், குளிரில் வேர் வளர்வதில்லை. போதாக்குறைக்கு நீலகிரியின் செம்மண் அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலை உருளைக்கிழங்குக்கான பரிந்துரையைப் பாருங்கள்: ஹெக்டேருக்குத் தழை 120, மணி 240, சாம்பல் 120 கிலோ. மணிச்சத்து மட்டும் இரட்டிப்பாக இருப்பதற்கு இந்த மண்தான் காரணம்.

சுண்ணாம்பும் போரானும் இலை விடும் நீராவியின் இழுப்பில் மேலே ஏறுபவை. நாள் முழுக்க மூடுபனி நின்றால் இலை நீர் விடாது, இழுப்பும் இருக்காது. மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருந்தும் கோஸின் உள்ளிலை ஓரம் கருகுவது இதனால்தான்.

முன்வேலை: ஆகஸ்ட், செப்டம்பரில் செய்ய வேண்டியவை

குளிர்காலத்து உரத்தில் பாதி வேலை குளிர் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஜனவரியில் தவறைத் திருத்த வழி குறைவு.

முதலில் மண் பரிசோதனை. நிலத்தில் பத்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்யுங்கள். எரு குவித்த இடம், வரப்பு ஓரம், மர நிழல் ஆகியவற்றில் எடுக்கக் கூடாது. மேட்டு நிலத்தையும் பள்ளத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். மலையில் இரண்டும் வேறு வேறு மண்.

கார அமில நிலை (pH) 5.5க்குக் கீழே இருந்தால் டோலமைட் தேவை. பரிசோதனை அறிக்கை சொல்லும் அளவே சரியான அளவு. பொதுவாக அது ஹெக்டேருக்கு 2 முதல் 4 டன், அதாவது 10 சென்ட்டுக்கு 80 முதல் 160 கிலோ வரை வரும். நடவுக்கு இரண்டு மாதம் முன்பே தூவி மண்ணோடு கலந்துவிடுங்கள், குறைந்தது மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். டோலமைட்டையும் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்), அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மூக்கிலேயே தெரியும். சூப்பர் பாஸ்பேட்டோடு போட்டால் மணிச்சத்து கட்டிக்கொள்ளும். அடுத்த பயிர் உருளைக்கிழங்கு என்றால் டோலமைட்டில் கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். அமிலம் அதிகம் குறைந்தால் கிழங்கில் சொறி வரும்.

தொழுஉரம் நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும். சமவெளியில் அரைகுறையாக மக்கிய சாணத்தை மண் இரண்டு மாதத்தில் செரித்துவிடும். ஊட்டிக் குளிரில் அது செரிக்காது, அதை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே எடுத்துத் தின்னும். எரு போட்டும் பயிர் மஞ்சளாகிறதே என்று குழம்புவது இங்கேதான். கையில் எடுத்தால் உதிர வேண்டும், சாண வாடை இருக்கக் கூடாது. கோழி எருவையும் புதிதாகப் போடாமல் இரண்டு மாதமாவது மக்கவிட்டுப் போடுங்கள். வேப்பம் புண்ணாக்கு குளிரில் மெதுவாகத்தான் சத்தை விடும். நடவுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே இடுங்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களை மண் கதகதப்பாக இருக்கும்போதே எருவோடு கலந்து இட வேண்டும். ஜனவரியில் ஊற்றினால் பெரிதாகப் பலன் எதிர்பார்க்க முடியாது. பஞ்சகவ்யம் தயாரிப்பவர்களும் கவனிக்க வேண்டும்: சமவெளிக்குச் சொன்ன நாள் கணக்கு இங்கே போதாது. வெயில் படும், காற்று அடிக்காத இடத்தில் வைத்து, நுரைப்பும் புளித்த மணமும் வந்த பிறகே எடுங்கள். தெளிப்புக்கு 3 சதம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி.

அடியுரம்: 10 சென்ட் முட்டைக்கோஸுக்கு ஒரு கணக்கு

மலைப்பகுதி முட்டைக்கோஸுக்கு ஹெக்டேருக்குத் தொழுஉரம் 30 டன், அடியுரமாகத் தழை, மணி, சாம்பல் தலா 90 கிலோ, நட்ட 30 முதல் 45 நாளில் மேலுரமாகத் தலா 45 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. 10 சென்ட் என்பது சுமார் 400 சதுர மீட்டர். அதற்குத் தொழுஉரம் 1.2 டன் ஆகிறது.

குளிர் காலத்துக்கு வரும் பயிரில் மணிச்சத்து முழுவதையும் அடியுரத்திலேயே வைத்துவிடுவது நல்லது. மேலே தூவிய மணிச்சத்து குளிர்ந்த அமில மண்ணில் வேர்வரை இறங்காது, வீண் செலவு. ஆகவே 10 சென்ட்டுக்கு அடியுரம் இப்படி வரும்: டிஏபி 12 கிலோ, யூரியா 3.25 கிலோ, பொட்டாஷ் 6 கிலோ. 40 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சுமார் 2,500 நாற்று பிடிக்கும், செடிக்கு மொத்தம் 8.5 கிராம். இந்த அளவை ஒருமுறை தராசில் நிறுத்து, ஒரு பாட்டில் மூடியில் கொட்டி எங்கே நிற்கிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண்ணளவில் போட்டால் முதல் பத்து வரிசைக்கு அதிகமும் கடைசி வரிசைக்கு ஒன்றுமில்லாமலும் முடியும்.

இதை நிலமெல்லாம் தூவக் கூடாது. செடி நிற்கப்போகும் இடத்திலிருந்து 5 சென்டிமீட்டர் பக்கவாட்டிலும் 5 சென்டிமீட்டர் கீழேயும் படும்படி கோடு கிழித்து இட்டு மண்ணை மூடுங்கள். ஓரிடத்தில் குவிந்த மணிச்சத்தை மண் முழுதாகப் பிடித்துக்கொள்ள முடியாது, சின்ன வேரும் எட்டிப் பிடித்துவிடும். நேராக வேருக்கு அடியிலேயே வைத்தால் உப்புச் சூட்டில் இளவேர் கருகும்.

கோஸ், காலிஃபிளவர், பீட்ரூட் மூன்றுக்கும் இங்கே போரான் குறைபாடு அடிக்கடி வரும். காலிஃபிளவர் தண்டு உள்ளே பொந்தாகிப் பழுப்பாவதும், பீட்ரூட்டின் நடுவில் கரும்புள்ளி விழுவதும் அதன் அடையாளம். அடியுரத்தோடு 10 சென்ட்டுக்கு போராக்ஸ் 400 கிராம், அதற்கு மேல் வேண்டாம். இத்தனை குறைந்த அளவு சமமாகப் பரவாது என்பதால் 10 கிலோ மணலில் கலந்து தூவுங்கள். போரான் மிஞ்சினால் இலை ஓரம் கருகும், மண்ணிலிருந்து எடுத்துவிடவும் வழியில்லை. காலிஃபிளவர் இலை சாட்டை மாதிரி நடுநரம்பு மட்டுமாக நீண்டால் அது மாலிப்டினம் குறைபாடு. அமில மண்ணில்தான் இது வரும். டோலமைட் போட்ட நிலத்தில் பெரும்பாலும் தலைகாட்டாது. வந்துவிட்டால் சோடியம் மாலிப்டேட் லிட்டருக்கு அரை கிராம் தெளிக்கலாம்.

நாற்று நட்டவுடன் ஒரு சின்ன உதவி: 12:61:0 உரத்தை (எண்கள் முறையே தழை, மணி, சாம்பல் சத்தின் சதவீதம்) லிட்டருக்கு 3 கிராம் கரைத்துச் செடிக்கு 50 மில்லி வேரில் ஊற்றுங்கள். குளிர்ந்த மண்ணில் வேர் பிடிக்கும் முதல் பதினைந்து நாளுக்கு இது கைகொடுக்கும்.

நீர்போகத்து (பாசனப் பருவத்து) உருளைக்கிழங்கு ஜனவரி, பிப்ரவரியில் பள்ளத்தில் நடப்படுவதால் மண் குளிர்ந்தே இருக்கும். மேலே சொன்ன 120:240:120 கணக்கு 10 சென்ட்டுக்குத் தழை 4.8, மணி 9.6, சாம்பல் 4.8 கிலோவாக வரும். இதில் பாதி அடியுரம், மீதி 30ஆம் நாள் மண் அணைக்கும்போது. மக்னீசியம் சல்பேட் 2.4 கிலோவை அடியுரத்தோடே போட்டுவிடுங்கள்.

மேலுரம்: நாள்காட்டியைவிடப் பனியைப் பாருங்கள்

தழைச்சத்து மிகுந்த இலை மெதுமெதுவென்று நீர் கோத்து இருக்கும், உறைபனி முதலில் அதைத்தான் கருக்கும். எனவே உங்கள் பள்ளத்தில் வழக்கமாக உறைபனி விழும் நாளுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே கடைசித் தழைச்சத்து மேலுரத்தை முடித்துவிடுங்கள். அக்டோபர் முதல் வாரம் நட்ட கோஸுக்கு நவம்பர் முதல் வாரத்தில் மேலுரம் என்பது சரியாக இருக்கும்.

10 சென்ட்டுக்கு: கால்சியம் நைட்ரேட் 6 கிலோ, யூரியா 2 கிலோ, பொட்டாஷ் 3 கிலோ. தழைச்சத்தில் பாதியை கால்சியம் நைட்ரேட்டாகக் கொடுப்பதன் பொருள் இதுதான்: அது ஏற்கெனவே நைட்ரேட் வடிவில் இருப்பதால் பாக்டீரியாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சுண்ணாம்பும் கூடவே கிடைக்கிறது. விலை அதிகம், அதனால்தான் முழுவதும் வேண்டாம் என்கிறோம். கால்சியம் நைட்ரேட்டை யூரியாவோடு கலந்து வைத்தால் சீக்கிரமே கூழாகும். தனித்தனியாக இடுங்கள், இட்டதும் மண் அணையுங்கள்.

நடவு தாமதமாகி, மேலுரம் போட வேண்டிய நேரத்தில் பனி தொடங்கிவிட்டால் அளவை மூன்றாகப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் கொடுங்கள். மண் வெப்பமானி ஒன்று வாங்கி, காலை 8 மணிக்கு 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அளந்து பார்ப்பது நல்ல பழக்கம். 10 டிகிரிக்குக் கீழே காட்டும் வாரங்களில் யூரியா மூட்டையைத் தொட வேண்டாம்.

சாம்பல் சத்து பற்றி மிகையாகப் பேசுபவர்கள் உண்டு. பொட்டாஷ் போதுமான அளவு இருந்தால் செல்லின் சாறு செறிவாக இருக்கும், உறைநிலை சிறிது இறங்கும், இலை நீரைக் கட்டுப்பாட்டோடு விடும். லேசான நீர்ப்பனியைத் தாங்க அது உதவும். பூஜ்யத்துக்குக் கீழே போகும் உறைபனியைப் பொட்டாஷ் தடுக்காது. குறைபாடு இல்லாத நிலத்தில் கூடுதலாகப் போட்டால் மக்னீசியம் எடுப்பதைக் கெடுக்கும், அவ்வளவுதான்.

இலைவழி உரம்

வேர் மந்தமாக இருக்கும்போது இலை வழியாகக் கொடுப்பது பட்டினி போக்கும் அளவுக்குத்தான், முழுச் சாப்பாடாக ஆகாது. 19:19:19 என்றால் லிட்டருக்கு 5 கிராம், யூரியா 10 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 10 கிராம், மக்னீசியம் சல்பேட் 10 கிராம். ஏதாவது ஒன்று, பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

சமவெளியில் விடியற்காலையிலும் மாலையிலும் தெளிக்கச் சொல்வார்கள். மலைக் குளிரில் அது தவறு. விடியற்காலை இலையில் பனி இருக்கும், கரைசல் நீர்த்து வழிந்துவிடும். மாலையில் தெளித்தால் இரவு முழுக்க இலை ஈரமாக நின்று உருளையில் பின்கருகல் நோய்க்குக் கதவு திறந்துவிடும். பனி காய்ந்த பிறகு காலை 10 மணியிலிருந்து பகல் 1 மணிக்குள் முடியுங்கள். அன்று இரவு உறைபனி வரும் அறிகுறி இருந்தால் தள்ளிப்போடுங்கள். வானம் தெளிந்து, காற்று அசையாமல், மாலையிலேயே குளிர் ஏறினால் அதுதான் அறிகுறி.

கரைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. யூரியாவும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கரையும்போது தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஏற்கெனவே சில்லிட்ட ஓடைத் தண்ணீர் இன்னும் சில்லிட்டுப் போகும். அடியில் கரையாமல் தங்கிய மணிகள் தெளிப்பானின் மூக்கை அடைக்கும், கடைசி வரிசையில் இலை கருகும். பகல் வெயிலில் வைத்த தண்ணீரில் ஒரு வாளியில் முன்கூட்டியே கரைத்து, துணியில் வடிகட்டி டேங்க்கில் ஊற்றுங்கள். சொட்டுநீரில் 0:0:50 கொடுப்பவர்கள் ஒரு கிலோவுக்கு 20 லிட்டர் தண்ணீராவது எடுங்கள். குறைந்தால் குளிரில் படிகமாகி வடிகட்டியை அடைத்துவிடும். கால்சியம் நைட்ரேட்டை மணிச்சத்து உரத்தோடோ சல்பேட் உரத்தோடோ ஒரே டேங்க்கில் கலக்காதீர்கள். பால் போல வெளுத்தால் கலந்தது கெட்டது என்று பொருள்.

கோஸ் உள்ளிலை கருகலுக்குக் கால்சியம் தெளிப்பதில் பலன் குறைவு. தலை மூடிய பிறகு மருந்து உள்ளே போகாது. தலை கட்டத் தொடங்கும் முன் தெளித்தால் ஓரளவு உண்டு.

உறைபனியும் தண்ணீரும்

உரத்தைப் பற்றிப் பேசும்போது தண்ணீரை விட முடியாது. காய்ந்த மண்ணைவிட ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைத்து இரவில் விடும். பனி எதிர்பார்க்கும் நாளில் முற்பகலிலேயே பாய்ச்சி, மண் வெயிலில் சூடேற நேரம் கொடுங்கள். சூரியன் சாய்ந்த பின் ஓடைத் தண்ணீரைப் பாய்ச்சினால் மண்ணைக் குளிர்விப்பதுதான் மிச்சம்.

வைக்கோல், சருகு மூடாக்கு இங்கே எதிர்பாராத கேடு செய்யும். மண்ணின் சூடு மேலே வராமல் அது தடுக்கும், மேலே நிற்கும் செடி இன்னும் உறையும். டிசம்பரில் வரிசைகளுக்கு நடுவே மூடாக்கை ஒதுக்கி மண்ணைத் திறந்துவிடுங்கள். செடியை மேலிருந்து மூடுவது வேறு விஷயம்: தேயிலையைத் தாகைச் செடியாலும், ஊட்டி பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடியாலும் மூடுவது அந்த வகைதான். மாலையில் மூடி, வெயில் ஏறியதும் திறக்க வேண்டும்.

ஸ்பிரிங்ளர் வைத்திருப்பவர்கள் உறைநிலை தொடும் முன்பே ஓட்டத் தொடங்கி, பனிக்கட்டி முழுவதும் உருகும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ஒரு லிட்டர் நீர் உறையும்போது 80 கிலோ கலோரி வெப்பம் வெளிவரும், அந்தச் சூட்டில்தான் இலை பிழைக்கிறது. நடுவில் மோட்டார் நின்றால் ஈர இலையிலிருந்து நீர் ஆவியாகி, ஓட்டாத வயலைவிட மோசமாகக் கருகும். மின்சாரம் நம்பமுடியாத இடத்தில் தொடங்காமலிருப்பதே மேல். இவ்வளவு தண்ணீர் ஓடினால் நைட்ரேட் கீழே கரைந்து போகும். ஆகவே கால்சியம் நைட்ரேட்டை ஸ்பிரிங்ளர் ஓட்டும் வாரத்துக்கு முன்பு போடாமல் பிறகு போடுங்கள்.

இலை சொல்லும் குறிகள்

இளஞ்செடியில் அடியிலை ஊதாவானால் மணிச்சத்து எட்டவில்லை என்று பொருள். ஆனால் உடனே உரம் வாங்க ஓடாதீர்கள். நான்கு நாள் நல்ல வெயில் அடித்து மண் சூடேறியதும் புது இலை பச்சையாக வந்தால் மண்ணில் சத்து இருக்கிறது, குளிர்தான் தடுத்திருக்கிறது. பீட்ரூட்டும் சிவப்புக் கோஸும் இயல்பிலேயே குளிரில் நிறம் ஏறும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். முதிர்ந்த இலை சீராக மஞ்சளானால் தழைச்சத்து. முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம். முதிர்ந்த இலையின் ஓரம் மட்டும் காய்ந்தால் சாம்பல் சத்து. நுனியிலை சுருண்டு கெட்டால் கால்சியமோ போரானோ. உறைபனி கருகல் ஒரே இரவில் வந்து, பள்ளமும் திறந்தவெளியுமான பகுதியில் மட்டும் இருக்கும். மர நிழலுக்கு அடியில் நிற்கும் செடி தப்பியிருக்கும். அதை உரக்குறைவு என்று எண்ணி மருந்தடிப்பவர்கள் நிறைய.

உறைபனி கருக்கிய வயலில் முதல் வாரம் எதுவும் செய்யாதீர்கள். கருகிய இலையை உடனே வெட்டினால் அடுத்த பனிக்கு உள்குருத்து அம்பலமாகும். உடனே தழைச்சத்து கொடுத்தால் வரும் இளந்துளிரும் கருகும். ஏழு முதல் பத்து நாளில் குருத்து பச்சை பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் 19:19:19 லிட்டருக்கு 5 கிராம், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை, அதன்பின் கால்சியம் நைட்ரேட் 10 சென்ட்டுக்கு 2 கிலோ. குருத்தே அழுகிய செடியைப் பிடுங்கிப் போட்டு அந்த இடத்துக்குப் போகும் உரத்தை மிச்சப்படுத்துங்கள்.

கேரட்டுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே வளர்ச்சி நின்றதுபோலத் தெரிந்தாலும் குளிரில் கிழங்கு மெதுவாகத் திரண்டுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் தழைச்சத்து கொடுத்தால் தழை மட்டும் எழும், பிப்ரவரியில் வெடிப்பும் மயிர்வேருமாக வரும். விதைத்த 60 நாளுக்குப் பிறகு கேரட்டுக்கு யூரியா வேண்டாம். தழை வெளிறினால் பொட்டாசியம் நைட்ரேட் தெளிப்பு ஒன்றே போதும்.